டீசல் வடிக்கும் துணி

பட்டறையின் சோதனைப் பெஞ்சில், இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏறி நின்றது. பால்துரை குனிந்து, கண்ணைக் குழாய்களின் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். ஒன்றுகூடத் தாழவில்லை.

மோட்டாரை அணைத்தார்.

"பம்ப் நல்லாருக்கு மாப்ள."

"இதத்தான் போன தடவையும் சொன்னிய" என்றான் பென்சன்.

"போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு."

பென்சன் சிரிக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தான். காலடியில் சாக்கு கிடந்தது. பம்பை அந்தச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்து, தூத்துக்குடிக்கு வடக்கேயிருந்து பஸ் மாறி மாறி ராஜபாளையம் வந்து சேர்ந்திருந்தான். படகில் வேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். இன்ஜின் படகோடு இருக்கும். பம்ப் மட்டும் பால்துரையின் பட்டறைக்கு வரும்.

பென்சன், பால்துரையின் தங்கை ஷீனாவின் புருஷன். சொந்தமாக ஒரு விசைப்படகு. ஆட்களை ஏற்றிக்கொண்டு தங்குகடலுக்குப் போகிறவன். போனால் ஒரு வாரம், பத்து நாள் கரை தெரியாது. தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் இறங்கிவிட்டன. அவன் படகும் இறங்கியது. இரண்டு முறை போய், இரண்டு முறையும் பாதியில் திரும்பியது.

"எங்க நிக்குது?"

"கரையில நிக்காது. மெதுவா ஓட்டுனா நிக்காது. ஆழத்துக்குப் போயி முழு வேகம் குடுத்தா, கொஞ்ச நேரம் நல்லா ஓடும். பொறவு மூச்சு முட்டுனவன் மாதிரி ரெண்டு இழுப்பு. அம்புட்டுதான். செல்ஃப் அடிச்சா சுத்தும், பிடிக்காது. செத்த நேரம் சும்மா விட்டுட்டு அடிச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி பிடிச்சுக்கும்."

"லைன்ல காத்து இருக்கும்."

"செம்பு வாஷர் அம்புட்டையும் மாத்தியாச்சு."

"ஃபில்டர்?"

"புதுசு. தண்ணியும் வடிச்சாச்சு."

"டேங்க்?"

"டேங்குக்குள்ள என்ன போவும் மச்சான்? ஒவ்வொரு சொட்டும் நீங்க குடுத்த துணியிலதான வடிஞ்சு போவுது."

பால்துரை தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. டேங்கைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை.

துணி அவருடைய ஏற்பாடு. சத்திரப்பட்டித் தறிகளில் ஓரம் கோணிப் போனதென்று கழித்த, ஓரத்தில் நீல நூல் ஓடும் பேண்டேஜ் துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருப்பார். பட்டறையிலிருந்து எந்த பம்ப் வெளியே போனாலும் கூடவே ஒரு கட்டு போகும். நாலாக மடித்து டேங்கின் வாயில் கட்டி டீசலை வடித்து ஊற்ற வேண்டும். பம்புக்குள் ஒரு தூசி போனால் போதும், வேலை கெட்டுவிடும். ஊரில் வேறு யாரும் இப்படித் தருவதில்லை. பால்துரை பட்டறை என்பதற்குப் பதிலாக, துணி தருவாரே அவர் பட்டறை என்று சொல்கிறவர்களும் உண்டு.

வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. மலை இடுக்கு வழியாக வருகிற ஆனி மாதக் காற்று. அய்யனார் கோவில் பக்கம் மலை மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. மழை அங்கேயே நின்றுவிடும். காற்று மட்டும் ஊருக்குள் இறங்கி, கிழக்கே போய்க்கொண்டே இருக்கும்.

பென்சன் தகரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் காத்துதான் சாயங்காலம் எங்கூருக்கு வரும். கரையில இருந்து கடலப் பாத்துத் தள்ளுத காத்து. இன்ஜின் நின்ன படகு சும்மா நிக்காது மச்சான். இலங்க எல்லையப் பாத்துப் போயிக்கிட்டே இருக்கும்."

"நிக்காது."

"போன தடவ நின்னப்போ கப்பல் போற தடத்துல கெடந்தோம். சரக்குக் கப்பல் ஒண்ணு வருது. எங்கள அவனுக்குத் தெரியுதா இல்லியான்னே தெரியல. நாங்க துணிய ஆட்டுதோம், தகரத்தத் தட்டுதோம். அது பாட்டுக்கு வருது. பக்கத்துல போகும்போது அதோட வயித்துல இருந்த துருவப் பாத்தேன். படகுல வேல பாக்குத சதீஷ் வேட்டியோட ஒண்ணுக்குப் போயிட்டான்."

"இப்ப சிரிக்கிறான்லா?"

"எங்க சிரிக்கான்? படக ஃபாதரக் கூப்பிட்டு மந்திரிச்சாத்தான் ஏறுவேங்கான்."

"மந்திரிச்சா லைன்ல உள்ள காத்து வெளிய போயிருமா?"

"ஒங்க சர்ச்சு வேற, எங்க கோயில் வேற. ஒங்களுக்கு அது புரியாது" என்றான் பென்சன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஒரு எட்டு வந்து படகப் பாத்தா என்ன மச்சான்? படகு இங்க வராது. நீங்கதான் வரணும்."

பால்துரை கையைப் பழைய துணியில் துடைத்தார்.

ஷீனாவின் கல்யாணம் அவன் ஊர் மாதா கோயிலில் நடந்தது. பால்துரை போகவில்லை. குடும்பமே சி.எஸ்.ஐ. சபை, இவள் மட்டும் ஆர்.சி.யில் போய்ச் சேர்ந்தாள் என்று கோபம். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் பென்சனே சாக்கோடு வாசலில் வந்து நின்றான். பம்ப் சரியில்லை என்றான். பால்துரை வாங்கிப் பெஞ்சில் ஏற்றினார். அதோடு உறவு சரியாயிற்று. ஆனாலும் அவன் ஊருக்கு அவர் போனதில்லை. பம்ப் போய் வந்தது, அவர் போகவில்லை.

"என் வேல பெஞ்சுல, மாப்ள. அங்க வந்து கடலப் பாத்துட்டு நான் என்ன செய்யப் போறேன்?"

பம்பைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அலமாரியிலிருந்து துணிக்கட்டு ஒன்றை எடுத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் எடுத்தார்.

"எதுக்கும் இந்தத் தடவ மடிப்ப ரெட்டிப்பா போடு. டீசல்ல அழுக்கு கூடியிருக்கும்."

"நீங்க சொன்னாப் போதும்" என்றான் பென்சன். "போயிட்டு வாரேன்."

காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

அந்த வாரம் முழுக்கக் காற்று ஓயவில்லை. பென்சன் கடலுக்குப் போய்விட்டான் என்று ஷீனா ஃபோனில் சொன்னாள். "இந்தத் தடவ நல்லா ஓடுதாம். ஆழத்துக்குப் போற வரைக்கும் பேசினாவ." பால்துரை பாக்கி வேலைகளைப் பார்த்தார். ஃபோன் அடித்தால் மட்டும் பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் சௌந்தரபாண்டியன். பால்துரையைவிட மூத்தவர், பழைய சிநேகிதம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"ஏலே தொரை, நீ சரி பண்ணிக் குடுத்த பம்பு என் மானத்த வாங்குது. கரண்டு போயிருச்சு. பொண்ணு வீட்டுக்காரன் என்னைய வெட்டவா குத்தவான்னு நிக்கான். ஒடனே வா."

பால்துரை பைக்கை எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் காற்று பைக்கை ஒரு பக்கமாகத் தள்ளியது.

மண்டபத்துக்குப் பின்னால் கம்பிவலை அடித்த ஷெட். சௌந்தரபாண்டியன் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து பந்திக்காரர்களின் சத்தம் வந்தது. "ஐஸ்கிரீம குடிக்கச் சொல்லுதாங்கய்யா" என்று யாரோ கத்தினார்கள்.

"எப்ப நிக்குது?"

"வெறும் லைட்டுக்கு நல்லா ஓடுது. ஏ.சி.யப் போட்டா கொஞ்ச நேரம் ஓடுது. பொறவு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நின்னு போவுது. அடிச்சா பிடிக்காது. செத்த நேரம் சும்மா விட்டா..."

"பிடிச்சுக்கும்" என்றார் பால்துரை.

"அதான் தெரியுதே. பொறவு என்ன கேள்வி?"

பால்துரை ஸ்பேனரைக் கீழே வைத்தார். பம்பைத் தொடவில்லை. பின்பக்கம் போய் டேங்கின் மூடியைத் திறந்தார். செல்ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். டீசல் மஞ்சளாகத் தெரிந்தது. அடியில், குழாய் இறங்குகிற மூலையில், வெளிறிப்போய் ஏதோ கிடந்தது. டேங்கைக் கையால் அசைத்தார். அது மெல்ல எழும்பி மறுபடி படிந்தது.

கம்பியை வளைத்து உள்ளே விட்டார். அது கொக்கியில் சிக்கியது. இழுக்க இழுக்க வந்தது. நாலாக மடித்த துணி. கை வைத்தால் வழுக்கியது. சோறு வடித்த கஞ்சிபோல் கொழகொழவென்று ஏதோ அதன் மேல் பூசியிருந்தது. ஓரத்தில் நீல நூல் ஓடியது.

அவருக்கு அந்த நீல நூலைத் தெரியும்.

"இது எப்படி உள்ள போச்சு?"

"ஒன் துணிதான். ஒவ்வொரு தடவையும் யாரு கெட்டி அவுத்துக்கிட்டு கெடப்பா? வாயிலயே விட்டு மேல மூடியப் போட்டு திருகிருவேன். துணி நழுவிருச்சு போல."

"நழுவினா?"

"வேற துணி போடுவேன். அதான் கட்டுக்கட்டா குடுத்திருக்கியே."

பால்துரை மறுபடி கம்பியை விட்டார். இன்னொன்று வந்தது.

துணியை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தபடி நின்றார். வெளுக்காத துணி. தறியில் நூல் அறாமலிருக்கப் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே அதில் இருந்தது. வெளுக்கும்போதுதான் அது போகும். டீசல் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் எந்த டேங்கின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். தண்ணீர் பட்டால் கஞ்சி ஊறும். ஊறிய துணி அடியில் சும்மா கிடக்கும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அசையாது. முழு வேகத்தில் குழாய் பலமாக இழுக்கும்போது நகர்ந்து வந்து குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். இன்ஜின் செத்ததும் இழுப்பு நின்றுவிடும். துணி பிடியை விட்டு நழுவி விழும். அப்புறம் செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும்.

பம்பைப் பெஞ்சில் ஏற்றி எத்தனை முறை பார்த்தாலும் அது தெரியாது. பெஞ்சுக்குத் தனி டேங்க்.

மடிப்பை ரெட்டிப்பாகப் போடச் சொல்லியிருந்தார்.

பென்சனுக்கு ஃபோன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. ஷீனாவுக்குப் போட்டார். மணி அடித்து முடியுமுன் எடுத்தாள்.

"அண்ணே, ஒனக்குத்தான் போட இருந்தேன்." அவளைச் சுற்றிப் பல குரல்கள் கேட்டன. "மீனவர் சங்கத்துல வயர்லெஸ் செட்டுப் பக்கம் நிக்கேன். இன்ஜின் காலையில நின்னுட்டாம். இந்தத் தடவ விட்டு விட்டு அடிச்சும் பிடிக்கலியாம்."

"பக்கத்துல வேற படகு இல்லியா?"

"ஒண்ணு கெளம்பிருக்கு. போய்ச் சேர நாளைக்கு மத்தியானம் ஆயிருமாம். கோஸ்ட் கார்டுக்கும் சொல்லிருக்கு. காத்து அதுக்குள்ள எல்லையத் தாண்டித் தள்ளிரும்னு சொல்லுதாவ. அலை ஏறி உள்ள விழுதாம். இன்ஜின் இல்லாம படகோட மூஞ்சியத் திருப்ப முடியலியாம்."

"பேச முடியுதா?"

"இப்பதான் பேசினாவ."

"ஃபோன செட்டுக்கிட்ட வை. நான் சொல்லணும்."

ஏதோ உரசியது. இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து பென்சனின் குரல், கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல்.

"யாரு? மச்சானா?"

"மாப்ள, இனிமே செல்ஃப் அடிக்காத. பேட்டரி எம்புட்டு இருக்கு?"

"ஒரு தடவ சுத்தும். அதுவும் சந்தேகம்தான்."

"டீசல் தனியா கேன்ல இருக்கா?"

"ரெண்டு கேன் இருக்கு."

"அப்ப டேங்க விட்டுரு. டேங்குல இருந்து வர்ற குழாயக் கழட்டு. கழட்டி நேரா கேனுக்குள்ள விடு. திரும்பி வர்ற குழாயையும் அதே கேனுக்குள்ள விடு. கேன இன்ஜினுக்கு மேல தூக்கி வச்சுக் கெட்டு. கேக்குதா?"

"கேக்கு. கேன் டீசல வடிச்சிருதேன்."

"வடிக்காத."

இரைச்சல் மட்டும் வந்தது.

"துணி வேண்டாம் மாப்ள. துணிதான் கொல்லுது. டேங்குக்குள்ள அதுதான் கெடக்கு."

"நீங்க குடுத்த துணியா?"

"நான் குடுத்ததுதான்."

"காலையில இருந்து ரெண்டு தடவ புதுசு வச்சுக் கெட்டிருக்கோம். பழச அவுக்கப் போனா வாயில இல்ல. காத்துல பறந்துட்டுன்னு நெனச்சோம்" என்றான் பென்சன். சிரித்தானா இருமினானா தெரியவில்லை.

பால்துரை கண்ணை மூடிக்கொண்டார். பார்க்காத படகு. பார்க்காத இன்ஜின் அறை. ஆனால் இன்ஜினை அவருக்குத் தெரியும்.

"நல்லாக் கேளு. ஃபில்டர் மேல இருக்க ஸ்க்ரூவ லூஸ் பண்ணு. கை பம்ப அமுக்கிக்கிட்டே இரு. நுரை வரும். நுரை நின்னு வெறும் டீசல் வர்ற வரைக்கும் விடாத. அத முறுக்கிட்டு, பம்புல இருக்க ஸ்க்ரூ. அங்கயும் அதே மாதிரி. கை செத்தாலும் நிறுத்தாத. ஆள் மாத்தி அமுக்குங்க. ஒரு குமிழி இருந்தாலும் பிடிக்காது. அம்புட்டும் முடிஞ்ச பொறவுதான் சாவி. ஒரே தடவதான்."

"சரி."

"தண்ணி உள்ள வருதா?"

"முழங்காலுக்கு. சதீஷும் மத்தவனுவளும் மோந்து ஊத்துதானுவ." குரல் தாழ்ந்து மறுபடி ஏறியது. "பேசும்போது செட்டோட லைட்டு மங்கிருது மச்சான்."

பால்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. அதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை? செட்டுக்கும் இன்ஜினுக்கும் ஒரே பேட்டரி. பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அந்த ஒரு சுற்றிலிருந்துதான் போகிறது.

"மாப்ள, செட்ட அணைச்சிரு."

"அண்ணே!" ஷீனாவின் குரல் நடுவே பாய்ந்தது. "என்ன சொல்லுத? அணைச்சா அவிய எங்க இருக்காவன்னு எப்பிடித் தெரியும்? போற படகு எங்கன்னு தேடும்?"

"அந்தக் கரண்டு இன்ஜினுக்கு வேணும் ஷீனா."

"பிடிக்கலன்னா?"

அவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

"பிடிக்கலன்னா என்ன செய்ய? சொல்லு. பம்ப் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு அனுப்பி வச்சேல்லா. இப்ப சொல்லு."

செட்டிலிருந்து பென்சன் பேசினான். "ஏட்டி, கத்தாத. மச்சான் சொல்லுதது சரிதான். எங்க இருக்கோம்னு சங்கத்துல எழுதிக்கிட்டாவ. பிடிச்சா நானே கூப்பிடுதேன்." பிறகு கூப்பிட்டான். "மச்சான்."

"சொல்லு."

"ஒரு எட்டு வந்து படகப் பாருங்கன்னு சொன்னேன்லா."

பால்துரை வாயைத் திறந்தார். அதற்குள் படகில் செட்டு அணைந்தது. குரல் போனதும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஷீனா ஃபோனைத் துண்டிக்கவில்லை. செட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

இனி குழாயைக் கழற்றுவான். கேனைக் கட்டுவான். ஆடுகிற படகில், முழங்கால் தண்ணீரில் நின்று ஸ்க்ரூவைத் தேடுவான். பால்துரையின் கட்டைவிரல் அவரை அறியாமல் கை பம்பை அமுக்குவதுபோல் அசைந்தது.

சௌந்தரபாண்டியன் இதை ஒன்றும் கவனிக்கவில்லை. டேங்கின் மூடியைத் திருகிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஜெனரேட்டர் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. நாதஸ்வரப் பாட்டு பெட்டியிலிருந்து பாதியில் கிளம்பியது. பந்தியில் கைதட்டினார்கள்.

"பாத்தியா, துணிய எடுத்ததும் எப்படிக் கெளம்புதுன்னு! ஏ.சி.யப் போடுங்கப்பா!" என்று கத்தினார் சௌந்தரபாண்டியன்.

பால்துரை ஃபோனைக் காதில் அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு காதைப் பொத்தினார். அப்போதும் கேட்கவில்லை. ஷெட்டின் கம்பிவலைக்கு வெளியே, வாழைமரத்தில் கட்டிய ஃபிளெக்ஸ் கிழக்கே பார்த்து விறைத்து நின்றது.

"அணைங்கண்ணாச்சி" என்றார்.

"என்னது?"

"ஜெனரேட்டர அணைங்க. சத்தம் கேக்கணும்."

"கல்யாண வீடு தொரை. பைத்தியமா ஒனக்கு? இப்பதான ஓடுது."

பால்துரை அவரைத் தாண்டிப் போய்ச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இறங்கி நின்றது. மண்டபம் இருண்டது. உள்ளே ஒரு கணம் அமைதி, பிறகு ஒரே கூச்சல். யாரோ ஷெட்டைப் பார்த்து ஓடி வருகிற காலடி கேட்டது. சௌந்தரபாண்டியன் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கப் போய், முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்.

"ஷீனா" என்றார் பால்துரை.

"ம்."

"ஏதாவது கேக்குதா?"

"இல்ல."

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கையிலிருந்த துணியிலிருந்து டீசல் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று அவர் முதுகில் அடித்து, கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஃபோனுக்குள் சங்கத்துச் செட்டு இரைந்துகொண்டே இருந்தது.